மூளை அலையில் தண்ணீரை ஆடவிட்ட கதை

கலைஞர் லிசா பார்க் 2013-ல் செய்த 'யூனோயா' என்ற படைப்பைப் பார்த்ததிலிருந்தே கை அரித்துக்கொண்டிருந்தது. தலையில் மூளை அலையைப் பிடிக்கும் நியூரோஸ்கை ஹெட்செட்டுடன் அவர் நடுவில் இருக்க, சுற்றிலும் ஸ்பீக்கர்கள், அவற்றின் மேல் தண்ணீர் ஊற்றிய தட்டுகள். மூளை அலை ஒலியாகி, அந்த ஒலி தண்ணீரை ஆட்டும்.

என்னுடையது ஒரே தட்டு. பழைய வூஃபரை (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) படுக்க வைத்து, அதன் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்த எவர்சில்வர் தட்டு, சுற்றி எல்இடி வளையம். தண்ணீர் மெல்லிய படலமாக இருந்தால்தான் கோலம் நன்றாக விழுகிறது. கூடினால் வெறும் தளும்பல். அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் ஒலி எழுப்பும் டோன் கட்டளை 31 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது, வருவதும் சட்டென்று ஏறி இறங்கும் சதுர அலை. அதனால் லேப்டாப்பிலேயே பிராசசிங் என்ற நிரல்மொழியில் சீராக வளைந்து போகும் சைன் அலை உருவாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறேன். அதிர்வெண்ணை மெல்ல ஏற்றும்போது ஒரு கோலம் கலைந்து இன்னொன்று கூடும். இதற்கே ஒரு மாலை போய்விடும்.

அப்புறம் ஹெட்செட். இடது நெற்றியில் ஒரு சென்சார், காதில் ஒரு கிளிப், அவ்வளவுதான். கச்சா சிக்னல் நொடிக்கு 512 முறை வருகிறது. 'கவனம்', 'தியானம்' என்று 0 முதல் 100 வரையிலான எண்கள் நொடிக்கு ஒருமுறை. அந்த எண்களை அப்படியே கொடுத்தால் தண்ணீர் வெட்டி வெட்டி ஆடும், சராசரி எடுத்து மென்மையாக்க வேண்டும். கச்சா சிக்னலில் வேறு சிக்கல். மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட்தான், கண் சிமிட்டல் அதைவிடப் பல மடங்கு. அக்கா மகள் பல்லைக் கடித்தால் புயல் அடிக்கும் என்று கண்டுபிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் வித்தை காட்டினாள். அது தாடைத் தசையின் மின்சாரம்.

கண்ணை மூடி அமைதியாக இருந்தால் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலை எழும். 1965-லேயே இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் மேடையில் அப்படி உட்கார்ந்து, அதைப் பெருக்கி ஸ்பீக்கர் வழியாக டிரம்களை அதிரவைத்தார். ஆனால் ஆல்ஃபா பலமாகக் கிடைப்பது பின்மண்டையில். நெற்றியில் ஒட்டும் ஹெட்செட்டில் அது தேறவில்லை.

சரி, மூளையை விட்டு விரலுக்கு இறங்கலாம் என்று இரண்டு விரல்களில் அலுமினியத் தாள் சுற்றி, அர்டுயினோவில் தோலின் மின்கடத்தலை அளந்தேன். உடலில் கம்பி மாட்டுவதால் சார்ஜரைக் கழற்றிவிட்டு எல்லாமே பேட்டரியில்தான். பின்னால் யாராவது படாரென்று கை தட்டினால், ஓரிரு நொடி கழித்துத் தண்ணீர் பொங்குகிறது. வியர்வைச் சுரப்பிகள் நரம்பின் கட்டளைப்படி சுரக்க எடுக்கும் நேரம் அது. இந்தத் தாமதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: திடுக்கிட்டவர் சிரித்து முடித்த பிறகு தட்டு திடுக்கிடும்.

பயமோ சந்தோஷமோ, இரண்டுக்கும் தண்ணீர் ஒரே மாதிரிதான் ஆடுகிறது. எவ்வளவு கிளர்ந்திருக்கிறோம் என்று தெரியும், எதனால் என்று தெரியாது. லிசா பார்க்கின் 'யூனோயா' முதல் வடிவத்தில் ஒவ்வொரு தட்டும் ஓர் உணர்ச்சிக்கு. அழகான கற்பனைதான், ஆனாலும் என் தட்டில் நான் பெயர் எழுதப்போவதில்லை. "நான் கோபமா இருக்கேன்னு காட்டுதா?" என்று கேட்பவர்களிடம் "உங்களுக்கு விரல் வேர்க்குதுன்னு காட்டுது" என்கிறேன். பாதிப் பேர் நம்புவதில்லை.

அடுத்து காது மடலில் நாடித் துடிப்பு சென்சார். துடிப்பு அதிர்வெண்ணை மாற்றட்டும், வியர்வை அலையின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். ஹெட்செட்டை அக்கா மகளிடமே கொடுத்துவிட்டேன்.