நீலத்திரைக்குக் காரணம் தேடிய அனுபவம்

மண்டபத்தில், வடகடலுக்கும் தென்கடலுக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்திருந்த ஆனி மாதத்தில், கடையிலிருந்த ஒரே கணினி நாளுக்கு இரண்டு மூன்று முறை நீலத்திரை (விண்டோஸ் தொடர்ந்து இயங்க முடியாதபோது வரும் பிழை அறிவிப்பு) காட்டித் தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கியது. பாதி நிரப்பிய விண்ணப்பங்கள் அழிந்தன. கடலுக்குப் போகும் வேலையை விட்டுவிட்டு வந்து காத்திருந்தவர்களை மறுநாள் வரச் சொல்ல நேர்ந்தது மிகுந்த வருத்தம் தந்தது.

பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் வன்தட்டை ஃபார்மேட் செய்து, அதாவது அதிலிருந்ததை எல்லாம் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவித் தந்தார்கள். நான்காம் நாளே பழைய தொல்லை திரும்பியது. ஃபார்மேட் செய்ததில் அதுவரை சேர்ந்திருந்த தடயங்களும் போய்விட்டன என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு நீலத்திரையின்போதும் வழக்கமாக விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் மினிடம்ப் என்ற இடத்தில் அந்தப் பிழையின் விவரம் கொண்ட ஒரு சிறு கோப்பு பதிவாகும். அதைப் படிக்காமல் ஃபார்மேட் செய்வதை இனி ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

முதலில், பிழை நேர்ந்ததும் தானாக மறுதொடக்கம் ஆகும் அமைப்பை நிறுத்தி, திரையில் வரும் எழுத்துகளைக் குறித்துக்கொண்டேன். விண்டோஸில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு பல முறை இருந்ததைப் பார்த்து மின்சாரத்தின் மீதுதான் சந்தேகம் கொண்டேன். ஆனால் கணினி முறையாக நிறுத்தப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. காரணத்தை அது சொல்வதில்லை.

அதன் பிறகு நிர்சாஃப்ட் தரும் புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் ஐந்து மினிடம்ப் கோப்புகளைத் திறந்தேன். எல்லாவற்றிலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் கோப்பே குற்றவாளிபோல் காட்டப்பட்டிருந்தது. உண்மைக் காரணம் பிடிபடாத இடத்தில் அந்தப் பெயரே வந்து நிற்கும் என்பதால் அதை நான் நம்பவில்லை. என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று: பிழைக் குறியீடுகள் ஒன்றுபோல் இல்லை. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபால்ட், அதற்கடுத்து ஐஆர்கியூஎல். டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கோளாறாக இருந்தால் பெரும்பாலும் அதே டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வரும்; இப்படிச் சிதறி வந்தால் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைச் சந்தேகிக்க வேண்டும். வன்தட்டின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் வன்தட்டில் குறையில்லை என்றது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் காட்டிய கணினியின் வெப்பமும் இயல்பாகவே இருந்தது.

ஆகவே மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமலே கணினியைத் தொடங்கினேன். ரேமின் ஒவ்வொரு இடத்திலும் குறிப்பிட்ட வடிவங்களை எழுதி, அவை அப்படியே திரும்ப வருகின்றனவா என்று அது சரிபார்க்கும். முதல் சுற்று முடிவதற்குள்ளாகவே பிழைகள் வரிசையாக வந்தன. இங்கேதான் நான் அவசரப்படாமல் இருந்தது பயனளித்தது. ரேம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாமல், இரண்டு ரேம் துண்டுகளையும் தனித்தனியே, இரண்டு சொருகிடங்களிலும் மாற்றி மாற்றிச் சோதித்தேன். இரண்டு இரவுகள் அதற்கே போயின. எந்தத் துண்டை வைத்தாலும் இரண்டாம் சொருகிடத்தில் மட்டுமே பிழை வந்தது. முதலாம் இடத்தில் இரண்டுமே தேறின.

மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, அந்தச் சொருகிடத்தின் தொடுமுனைகளில் பச்சை படர்ந்திருந்தது. கணினிப் பெட்டி தென்கடல் பக்கத்துச் சன்னலை ஒட்டி இருந்தது. கச்சான் கொண்டுவரும் உப்பு ஈரம் நேராக அதன்மேல்தான் படும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, இரண்டு துண்டுகளையும் சொருகி மீண்டும் மெம்டெஸ்ட்டை ஓடவிட்டேன். நான்கு சுற்றுகள் பிழையின்றி முடிந்தன.

பெட்டியைச் சன்னலிலிருந்து உள்சுவர் ஓரமாக மாற்றி வைத்தேன். ஆடி முடியும்வரை வாரந்தோறும் மினிடம்ப் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். புதிய கோப்பு ஒன்றும் சேரவில்லை.