செவ்வாய்க்கிழமை மாத்திரை

காசிமேட்டு மருந்துக்கடையில் மருந்தாளுநராகச் சேர்ந்த புதிதில், மூட்டுவலி என்று வந்து நிற்கும் எல்லோருக்கும் ஒரே நோய் என்றுதான் நினைத்திருந்தேன். படி இறங்கினால் முழங்கால் வலிக்கிறது, காலையில் பத்து நிமிடம் நடந்தால் பிடிப்பு விட்டுவிடுகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். நைந்த குருத்தெலும்பை மீட்கும் மாத்திரை இன்றுவரை இல்லாததால், தொடைத்தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, டைக்ளோஃபெனாக் ஜெல், சில நாள் வலி மாத்திரை, முற்றினால் மூட்டு மாற்று அறுவை என்பதோடு வைத்தியம் முடிந்துவிடும்.

மீன் வெட்டித் தரும் அக்கா ஒருவர் சொன்னது வேறு. "விடியக்காலையில கத்தியப் பிடிக்க விரல் மடங்க மாட்டேங்குது தம்பி. வெயில் ஏறினாத்தான் இது என் கையாகுது." இரு மணிக்கட்டுகளும், விரல்கள் தொடங்கும் முட்டிகளும் ஒன்றுபோல வீங்கியிருந்தன, தேய்மானத்தில் புடைக்கும் நுனிக்கணுக்களோ ஒழுங்காக இருந்தன. பல மாதம் வெறும் வலி மாத்திரை விற்றுவிட்டு, தாமதமாகத்தான் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். ரத்தப் பரிசோதனைக்குப் பின் முடக்குவாதம் என்றார்கள். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. வலியை மட்டும் அடக்கிக்கொண்டிருந்தால் உள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டே போகும்.

அந்தத் தாக்குதலை அடக்க அவருக்கு எழுதப்பட்ட மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி. மாத்திரையை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். கடையில் கூட்டம் அலைமோதிய ஒரு மாலையில், கைப்பழக்கத்தில் உறைமேல் '1-0-0', அதாவது தினமும் காலையில் ஒன்று, என்று எழுதிவிட்டேன். பத்தாம் நாள், வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல், காய்ச்சலோடு வந்தார். ரத்த அணுக்கள் குறைந்திருந்தன. மருத்துவமனையில், அந்த மருந்தின் நச்சை முறிக்கும் ஃபோலினிக் அமிலம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். என்னை அவர் திட்டவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மருத்துவர் மறுபடி அதே மருந்தைத் தொடங்கியபோது, எந்தக் கிழமை தோது என்று அவரிடமே கேட்டேன். ஞாயிறு மீன் கூட்டத்தில் மறந்துபோகும், அம்மனுக்கு விளக்கேற்றும் செவ்வாய் மறக்காது என்றார். சிவப்பு மையில் 'செவ்வாய் மட்டும்' என்றும், பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமில உறையில் 'புதன் மட்டும்' என்றும் எழுதி, வாய்விட்டுச் சொல்லச் சொன்ன பிறகே கொடுத்தேன். ரத்த அணுக்களையும் கல்லீரலையும் சோதித்த சீட்டைப் பார்க்காமல் அடுத்த மாதத்துக்குக் கொடுப்பதில்லை. பலன் தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகும் என்பதால், நடுவில் நிறுத்திவிடாதபடி பிடித்து வைப்பதும் என் வேலையாயிற்று.

மூன்றாம் மாதம் அவர் கத்தி பிடிப்பதைப் பார்த்த பக்கத்துக் கடை அம்மா, தன் முழங்காலுக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமை மாத்திரையே வேண்டும் என்று வந்து நின்றார். அவருக்கு இருப்பது தேய்மானம். அரைமணி நேரம் மன்றாடிவிட்டு, ஜெல்லை மட்டும் வாங்கிக்கொண்டு, முணுமுணுத்தபடி போனார்.