இரண்டு எவர்சில்வர் டப்பாவும் ஒரு மர ஸ்கேலும்

கொரோனா வந்த வருடம். ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல். கூகுள் மீட்டில் முக்கோணம் வரைந்த தாளைத் தூக்கிக் காட்டினால், என் திரையில் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும் போல என்று, அன்றிரவு உட்கார்ந்து எழுத்துகளைத் திருப்பி எழுதிப் பழகினேன். மறுநாள் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், ஏன் எல்லாம் கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு?"

பக்கத்து ஊர்ப் பள்ளி அறிவியல் சாரிடம் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "உங்களுக்கு மட்டுந்தான் டீச்சர் அப்படித் தெரியும், அவங்களுக்கு நேராத்தான் போகும்" என்றார்.

அவர், நான், ஒரு தமிழாசிரியை. ஞாயிறு இரவுகளில் மூன்று பேரும் போனில் கூடினோம். அந்த வாரம் சொதப்பிய வகுப்பு ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி. இரண்டு டப்பாவுக்கு நடுவே ஸ்கேலைப் பாலம்போல வைத்து, கேமரா கீழே பார்க்கும்படி போனைக் கிடத்தினால் கை மறைக்காமல் வரைந்து காட்டலாம் என்று அங்கேதான் கற்றேன். நேரலைக்கு ஏன் ஆறேழு பேர்தான் வருகிறார்கள் என்பதும் அங்கேதான் உறைத்தது: வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும். வகுப்பை விட்டுவிட்டு, மூன்று நிமிடக் குரல் பதிவும் ஒரு படமும் அனுப்பத் தொடங்கினேன்.

2021இல் நிஷ்தா வந்தது, ஆசிரியர்களுக்கான மத்திய அரசின் இணையவழிப் பயிற்சி. திக்ஷா செயலியில் 12 பொதுத் தொகுதிகள், பாடத்துக்கென்று ஒன்று, ஆக 13. வினாடிவினாவில் 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். முடித்ததற்கு ஸ்கிரீன்ஷாட் கேட்டார்கள். காணொளி ஒருபக்கம் ஓட, நான் மாவு அரைத்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. விடைகள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். 13 சான்றிதழும் இருக்கின்றன, பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மாற்றுத்திறன் பிள்ளைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்வி பற்றிய தொகுதியை நானாகத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டேன். அன்று ஏனோ காது கொடுத்துக் கேட்டேன். பார்வை மங்கலான ஒரு மாணவனுக்கும் சேர்த்துத்தான் இத்தனை மாதமும் பென்சில் கோட்டுப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து தடித்த ஸ்கெட்ச் பேனா. மூன்று பேர் ஞாயிறுதோறும் பேசினோமே, எங்களில் ஒருவருக்கும் அந்தப் பையன் ஞாபகம் வரவில்லை.

அதனால் என்ன பயிற்சி என்பதை முழுக்க ஆசிரியரே முடிவு செய்யட்டும் என்று நான் கேட்கவில்லை. பாதியையாவது எங்கள் விருப்பத்துக்கு விடுங்கள் என்கிறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கையே, ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தங்கள் ஆர்வத்துக்கேற்ப ஆசிரியர்கள் கற்க வாய்ப்பு வேண்டும் என்றுதான் சொல்கிறது. (அந்தக் கொள்கையோடு நம் மாநிலத்துக்கு உள்ள பிணக்கு வேறு கதை.)

பிறகு ஒருமுறை, பெற்ற பயிற்சிகளை நிரப்பித் தரச் சொல்லி ஒரு படிவம் வந்தது. ஞாயிறு இரவுகளை எழுதலாமா என்று படிவம் வாங்குபவரிடம் கேட்டேன்.

"பயிற்சி கொடுத்த நிறுவனம்னு ஒரு கட்டம் இருக்கே டீச்சர், அதுல என்ன போடுவீங்க?"

டப்பாவையும் ஸ்கேலையுமா போட முடியும்? நிஷ்தா, 13 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.