நாஷ்வில்: ஸ்டீல் கிதாரின் இரண்டாவது கழுத்து

நாஷ்வில் நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கன்ட்ரி இசை கேட்கப் போகிறார்கள். நான் போனது ஜாஸ் கேட்பதற்காக, அதிலும் மேசைபோல் நிற்கவைத்துத் தந்திகளின் மேல் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிதாரில் வாசிக்கப்படும் ஜாஸைக் கேட்பதற்காக. அட்லாண்டாவில் என்னைத் தங்கவைத்திருந்த நண்பர், ஜாஸ் வேண்டுமென்றால் நியூ ஆர்லியன்சுக்கோ நியூயார்க்குக்கோ அல்லவா போக வேண்டும் என்று கேட்டார். பொதுவாகப் பார்த்தால் அவர் கேட்டது சரிதான். ஆனால் இந்தக் கருவியை வாசிக்கத் தெரிந்தவர்களும் செய்யத் தெரிந்தவர்களும் ஒருசேரக் குடியேறிய ஊர் நாஷ்வில். கன்ட்ரி பாடகர்களுக்கு வாசித்து வயிற்றைக் கழுவிக்கொண்டே, வேலை முடிந்த பிறகு தமக்குள் ஜாஸ் வாசித்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடையே தலைமுறைகளாக இருந்துவருகிறது.

அட்லாண்டாவிலிருந்து காரில் நான்கு மணி நேரப் பயணம். சட்டனூகா தாண்டி, மான்டீகிள் மலையேறுவதற்கு முன்பே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகிறது; டென்னசி மாநிலத்துக்குள்ளேயே இரண்டு நேர மண்டலங்கள். வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தது பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எமன்ஸ் 1963இல் மெர்குரி நிறுவனத்துக்காக நியூயார்க்கில் பதிவுசெய்த ‘ஸ்டீல் கிதார் ஜாஸ்’ இசைத்தட்டு. இந்தியானா மாநிலத்தின் மிஷவாகாவில் பிறந்த எமன்ஸுக்கு அப்போது வயது 26. லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ், எர்னஸ்ட் டப், ரே பிரைஸ் என்று கன்ட்ரி உலகின் பெரிய பாடகர்களின் குழுக்களில் வாசித்துவந்த அவர், அந்த இசைத்தட்டில் சாக்ஸபோன் கலைஞர் ஜெரோம் ரிச்சர்ட்சன், பியானோவில் பாபி ஸ்காட், பாஸில் ஆர்ட் டேவிஸ், டிரம்ஸில் சார்லி பெர்சிப் ஆகிய முழு ஜாஸ்காரர்களோடு உட்கார்ந்து, சோனி ராலின்ஸ் இயற்றிய ‘ஓலியோ’ போன்ற உருப்படிகளை வாசித்திருக்கிறார். கிதாரில் வாசிப்பதற்கே விரல் திணறும் வேகத்தை, ஒற்றை இரும்புத் துண்டைத் தந்திகளின் மேல் வைத்து நகர்த்தும் கருவியில் அவர் எட்டிப்பிடிப்பது வியப்புக்குரியதே. ஆயினும் வேகமான இடங்கள் எனக்கு வியப்போடு நின்றுவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அவை இந்தக் கருவியாலும் சாக்ஸபோன்போல் ஓட முடியும் என்று நிரூபிக்கின்றன. இந்தக் கருவியால் மட்டுமே முடிந்தது எதுவென்று அவை சொல்வதில்லை. அதைக் காட்டுகிறவை அவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நான்கைந்து தந்திகளை ஒன்றாக மீட்டும் இடங்கள்தான்.

மறுநாள் பிற்பகல் நாஷ்வில்லின் பிராட்வேக்குப் போனேன். கௌபாய் காலணிக் கடைகளும் மாடிக்கு மாடி இசைக்குழு வைத்த மதுக்கூடங்களும் நிறைந்த அந்தத் தெருவில் ஒன்றின் ஓசை அடுத்ததன் ஓசையில் மோதி, நடைபாதையில் நிற்கிறவருக்கு எதுவும் முழுதாகக் கேட்பதில்லை. 416ஆம் எண் கட்டடத்தில் இருக்கும் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்ற மதுக்கூடம் மட்டும் பழைய பாணி கன்ட்ரியைப் பிடிவாதமாகக் காப்பாற்றிவருகிறது. ஒரு காலத்தில் அதே கட்டடத்தில்தான் ஷோ-பட் ஸ்டீல் கிதார் நிறுவனத்தின் கடை இருந்தது. 1950களில் ஷாட் ஜாக்சனும் பட்டி எமன்ஸும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. பின்னர் எமன்ஸ் பிரிந்துபோய்த் தன் பெயரிலேயே கருவி செய்யத் தொடங்கினார். கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை நடந்த ரைமன் அரங்கம் சந்துக்கு அந்தப் பக்கம்தான். அன்று ராபர்ட்ஸுக்குள் நுழையக் கட்டணம் இருக்கவில்லை. பொலோனி சாண்ட்விச்சும் பீரும் சேர்ந்த மலிவு விலைச் சாப்பாடு அங்கே பிரசித்தம். அதை நான் சாப்பிடவில்லை, பக்கத்து மேசையில் வெங்காய வாசனையோடு கடந்துபோனதைப் பார்த்ததோடு சரி.

மேடைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டால் ஸ்டீல் வாசிப்பவரின் கால்கள் தெரிகின்றன. இந்தக் கருவியைக் கேட்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கால்களைத்தான். நான்கு கால்களில் நிற்கும் மேசைபோன்ற கருவி. வலது கைவிரல்களில் உலோக நகங்கள், கட்டைவிரலில் பிளாஸ்டிக் நகம், இடது கையில் உருண்டையான எஃகுத் துண்டு. இடது பாதம் தரையிலுள்ள பெடல்களை மிதிக்கிறது, வலது பாதம் வால்யூம் பெடலை அழுத்தி ஓசையைக் கூட்டிக் குறைக்கிறது, முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் நெம்புகோல்களைத் தள்ளுகின்றன. குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தால் பழைய ராலே சைக்கிளின் கம்பி பிரேக் மாதிரி வரிசையாக இரும்புக் கம்பிகள். மிதிக்கும்போது அவை இழுபட்டு, வலது ஓரத்திலுள்ள பொறியை அசைத்து, குறிப்பிட்ட தந்தியை மட்டும் இறுக்குகின்றன அல்லது தளர்த்துகின்றன. அன்று வாசித்தவர் சுற்றிலும் எல்லோரும் அணிந்திருந்த கௌபாய் காலணியை அணியவில்லை; அடித்தோல் மெலிந்த சாதாரண ஷூ போட்டிருந்தார். பாதத்துக்குப் பெடலின் விளிம்பு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் என்று இடைவேளையில் சொன்னார்.

அவருடைய கருவியில் ஒரு கழுத்துதான், அதாவது தந்திகள் கட்டிய நீளப் பகுதி ஒன்றுதான், இருந்தது. இரட்டைக் கழுத்துக்கான அகலமான உடல், ஆனால் இரண்டாவது கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கை வைத்துக்கொள்ளத் தோலுறை போட்ட மெத்தை. முழுமையான பெடல் ஸ்டீலில் பத்துத் தந்திகள் கொண்ட இரண்டு கழுத்துகள் இருக்கும். பார்வையாளர்களை நோக்கி வெளிப்புறத்தில் இருப்பது இ9 சுருதி அமைப்பு. நாம் கன்ட்ரிப் பாட்டில் கேட்கும் அழுகைக் குரல் அதிலிருந்து வருவது. வாசிப்பவரின் வயிற்றை ஒட்டி உட்புறத்தில் இருப்பது சி6. ஜாஸ் அதில்தான் குடியிருக்கிறது. இப்போது பிராட்வேயில் யாரும் சி6 கேட்பதில்லை, பெட்டியோடு முப்பது கிலோ எடையை வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தூக்கிவருவது தன் முதுகுக்கு ஆகவில்லை, ஆகவே இரட்டைக் கழுத்தை விற்றுவிட்டேன் என்றார் அவர். கேட்க எனக்கு வருத்தமாக இருந்தது. சில்லறை விழும் வாளியை நம்பி நான்கு மணி நேரம் வாசிக்கிறவரிடம் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

சி6 ஏன் ஜாஸுக்கு ஏற்றது என்பதை நம் சுரங்களில் வைத்துப் பார்த்தால் எளிதாக விளங்கும். சட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம் என்ற நான்கும் திறந்த தந்திகளிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. இதே நான்கைத் தைவதத்தைச் சட்ஜமமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் சாதாரண காந்தாரமும் பஞ்சமமும் கைசிகி நிஷாதமும் கிடைக்கின்றன. அதாவது பாஸ் வாசிப்பவர் எந்தச் சுரத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே பிடி, ஆறாம் சுரம் சேர்ந்த மேஜர் கார்டாகவோ (கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) ஏழாம் சுரம் சேர்ந்த மைனர் கார்டாகவோ மாறுகிறது. அடியில் ஒன்பதாம் தந்தி சுத்த மத்தியமம். அதை ஆதாரமாகக் கொண்டால் இன்னொரு பெரிய கார்டு திறக்கிறது. எஃகுத் துண்டை அசைக்காமலே இவ்வளவு. இதன் மேல் ஏழாம் பெடலை மிதித்தால் தைவதம் நிஷாதத்துக்கும் மேல் சட்ஜமம் ரிஷபத்துக்கும் ஏறுகின்றன. மற்றத் தந்திகள் நின்ற இடத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்கின்றன.

சித்திரவீணை என்றும் சொல்லப்படும் கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு இங்கே ஒரு புதுமை காத்திருக்கிறது. சித்திரவீணையில் சுரத்தை நகர்த்துவது கையிலுள்ள கட்டை. கட்டை நகர்ந்தால் அதன் கீழுள்ள எல்லாமே சேர்ந்து நகரும். பெடல் ஸ்டீலிலோ கை அசையாமல் இருக்க, கார்டின் உள்ளே நடுவிலிருக்கும் ஒரு குரல் மட்டும் மெல்ல ஏறுகிறது, இன்னொன்று இறங்குகிறது, மேலும் கீழும் உள்ளவை அப்படியே நிற்கின்றன. பியானோவில் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் பியானோவுக்கு இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கிச் செல்லும் பாதை இல்லை. சாதாரண கிதாரில் ஓரளவுக்கே முடியும். ஒரு கார்டு இன்னொன்றாக மாறிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தையே கேட்கத் தருவதுதான் ஜாஸுக்கு இந்தக் கருவி கொண்டுவந்த சீர் என்று நினைக்கிறேன்.

கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் கூட்டம் மொய்ப்பது வெப் பியர்ஸின் 1962 பாண்டியாக் காரைச் சுற்றி. உள்ளெல்லாம் வெள்ளி டாலர்களும் கைத்துப்பாக்கிகளும் பதித்த கார். எனக்கு அந்தப் பாடகர் முக்கியமாகப் பட்டது வேறு காரணத்துக்காக. 1954இல் வெளிவந்த அவருடைய ‘ஸ்லோலி’ பாடலில் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். சுரம் வளைந்து ஏறியது. அதன் பிறகு கன்ட்ரி உலகமே அந்த வளைவைக் கேட்டது. அதற்கு முன்பு பெடல்கள் இல்லாமல் இல்லை. ஸ்விங் எனப்படும் ஜாஸ் நடன இசைக்குழு நடத்திய ஆல்வினோ ரே போன்றவர்கள் அவற்றைப் பயன்படுத்தியது கார்டுகளைக் கூட்டிக்கொள்வதற்காகத்தான். ஒரே சுருதி அமைப்பில் கிடைக்கும் கார்டுகள் நடன இசைக்குப் போதவில்லை. ஆக, பெடல் பிறந்தது ஸ்விங்கின் தேவையால், புகழ்பெற்றது அழுகையால். ஐசக்ஸ் ஒன்றாக ஏற்றிய சுரங்களை இரண்டு பெடல்களாகப் பிரித்துத் தனித்தனியே ஏற்றும் வழியைக் கண்டவர் எமன்ஸ். கன்ட்ரியின் அழுகைக்கு இலக்கணம் வகுத்ததும், 1963இல் நியூயார்க் போய் ஜாஸ் வாசித்ததும் ஒரே ஆள்.

இன்னும் பின்னால் போனால் டெக்சஸ். பெடலே இல்லாத காலம். ஃபோர்ட் வொர்த் நகரத்தின் மில்டன் பிரவுன் குழுவில் வாசித்த பாப் டன், 1935 ஜனவரியில் டெக்கா நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகளில் மின்பெருக்கிய ஸ்டீலை டிராம்போன்போல் வெட்டி வெட்டி வாசித்தார். சார்லி கிறிஸ்டியன் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து மின்கிதாரை ஜாஸில் நிலைநாட்டியதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு வளர்த்தெடுத்த வழுக்கு வாசிப்பு, டெக்சஸ் நடனக் கூடங்களில் ஜாஸைச் சந்தித்தது; ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சந்திப்பை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதுமே மனக்குறை.

திங்கட்கிழமை இரவு தேர்ட் அண்ட் லிண்ட்ஸ்லி என்ற கூடத்துக்குப் போனேன். டைம் ஜம்பர்ஸ் என்னும் குழு நெடுங்காலமாகத் திங்கள்தோறும், கன்ட்ரியும் ஜாஸும் கலந்த வெஸ்டர்ன் ஸ்விங் வாசிக்கும் இடம். அவர்களுடைய ஸ்டீல் கலைஞர் பால் ஃபிராங்க்ளின். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 1991 இசைத்தட்டில் வாசித்தவர் என்றால் நம்மில் பலருக்கு அடையாளம் தெரியும். பிடில்கள், அக்கார்டியன், தாளத்துக்கு நான்கடியும் தவறாமல் தட்டும் கிதார். பகலில் பிராட்வேயில் கேட்ட அதே கருவிதானா என்று தோன்றும்படி ஸ்டீலின் குரல் மாறியிருந்தது. கன்ட்ரி வாசிப்பில் தொடக்க ஓசையை மறைத்து நெகிழவைக்கும் வால்யூம் பெடல் இங்கே அதிகம் அசையவில்லை. மீட்டும் ஒலி நேராக, சதையோடு வந்தது. ஒவ்வொரு சுரத்தையும் அடுத்தது வருமுன் உள்ளங்கை விளிம்பால் அமுக்கிவிடுகிறார்கள். அமுக்காவிட்டால் சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழிந்து ஸ்விங் நடை குலைந்துவிடும். அமுக்குவது கண்ணுக்குத் தெரிவதேயில்லை, ஆனால் நடையின் துள்ளல் முழுவதும் அந்தச் சின்ன மௌனங்களில்தான் இருக்கிறது. பாடகர் சரணத்தை முடித்ததும் பிடில்கள் விட்ட இடத்தில் ஸ்டீல் ஒரு பெரிய கார்டைப் போட்டு, அதன் அடிச்சுரத்தைப் பெடலால் இறக்கியபோது, பக்கத்திலிருந்த முதியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நம் சபாவில் ‘பேஷ்’ சொல்லியிருப்பார்.

திரும்பும் வழியில் வேறு இசைத்தட்டுகளுக்கு மாறினேன். இன்னொரு ஸ்டீல் கலைஞரான கர்லி சாக்கரின் வாசிப்பில் எமன்ஸின் வேகம் இல்லை, ஆனால் கார்டுகளின் அடர்த்தி ஒரு சிறிய பித்தளை வாத்தியக் குழு உட்கார்ந்திருப்பதுபோல் விரிகிறது; இருவரில் ஒருவரைத்தான் கேட்கலாம் என்றால் நான் சாக்கரைக் கேட்பேன். சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாய்டின் 2016 இசைத்தட்டில் ஸ்டீல் வாசிக்கும் கிரெக் லீஸ், பில் ஃபிரிசெலின் கிதாருக்குப் பின்னால் நின்று, சாக்ஸபோனுக்கு விரிப்பு விரித்துவிட்டு விலகிக்கொள்கிறார். 2025 ஜனவரியில் மறைந்த சூசன் ஆல்கார்ன் இன்னொரு எல்லை. டெக்சஸ் கன்ட்ரி குழுக்களில் வாசித்துப் பழகிய அவர், மெஸ்ஸியான், பியட்சோலா ஆகிய இசையமைப்பாளர்களை இந்தக் கருவிக்குக் கொண்டுவந்து, தாளமே இல்லாத வெளியில் தந்திகளை நீளவிட்டார். முதல்முறை கேட்கிறவர்களுக்கு அவரைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். சி6 கழுத்தில் கொஞ்ச நாள் காது பழகியபின் கேட்டால் அவர் விட்டுவிட்டது எது, வைத்துக்கொண்டது எது என்பது பிடிபடும்.

போக நினைக்கிறவர்களுக்கு: திங்கள் இரவு உள்ளடங்குவதாகப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள், கூடத்துக்குச் சீக்கிரமே போய்விடுங்கள். மேடைக்கு நேர் எதிரே உள்ள இடங்கள் பாடகர்களைப் பார்ப்பதற்கு நல்லவை. ஸ்டீல் எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பக்கத்து ஓரத்தில், முழங்கால்கள் தெரியும் கோணத்தில் நாற்காலியைப் பிடியுங்கள். வாசிப்பவரின் இடது கை வெளிக்கழுத்திலிருந்து உட்கழுத்துக்கு எப்போது தாவுகிறது என்பதையும் அங்கிருந்தே பார்த்துவிடலாம்.