நாங்கள் எழுதாத பெயர்

"இந்த கிளாஸில் 'ஜிஎன்யூ_டெவ்_மேஜர்' என்ற ஃபீல்ட் எதுவும் இல்லை." எழுதிய கோடை இயங்கும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் சொன்னது இதுதான். இல்லைதான். அப்படி ஒரு பெயரை எங்களில் யாருமே எழுதவில்லை. கோட் முழுக்கத் தேடியும் ஓர் இடத்தில்கூட அகப்படவில்லை.

2014 வாக்கில், விண்டோஸில் பல வருடம் ஓடிய ஒரு சி++ லைப்ரரியை லினக்ஸுக்குக் கொண்டுபோகும் வேலையில் இருந்தேன். அதில் வெர்ஷன் எண்ணுக்கென்று ஒரு சின்ன கிளாஸ், அதாவது தொடர்புள்ள தரவைச் சேர்த்து வைக்கும் ஓர் அமைப்பு. 'மேஜர்', 'மைனர்' என்று இரண்டு எண்கள் (இவைதான் ஃபீல்ட்கள்), அவற்றுக்கு மதிப்பு போடும் ஒரு கன்ஸ்ட்ரக்டர், அவ்வளவுதான். விண்டோஸில் ஒருநாளும் தொல்லை தந்ததில்லை. லினக்ஸிலும் முந்தைய நாள்வரை பில்ட் ஆகிக்கொண்டுதான் இருந்தது.

டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு ஃபைலின் இன்க்ளூட் வரிகளை, அதாவது ஹெடர்கள் என்ற அறிவிப்பு ஃபைல்களை உள்ளே இழுக்கும் வரிகளை, ஒழுங்குபடுத்தியிருந்தான். சிஸ்டம் ஹெடர்கள் மேலே, எங்களுடையவை கீழே. அதைப் பழையபடி மாற்றினேன், எர்ரர் போய்விட்டது. "இனிமே இந்த வரிசையைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து கேட்டான்: "வரிசை மாறினா ஏன்க்கா உடையுது?"

என்னிடம் பதில் இல்லை. காரணம் தெரியாமலே அவன்மேல் பழியைப் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, உட்கார்ந்து பார்ப்போம் என்று இருவரும் அவனுடைய வரிசையையே திரும்ப வைத்தோம்.

எங்கள் கம்பைலரான ஜி++-க்கு மைனஸ் ஈ என்று ஓர் ஆப்ஷன் உண்டு. கம்பைல் செய்யாமல், இன்க்ளூட்களையும், ஒரு பெயர் வரும் இடத்தில் வேறு கோடை வைக்கும் மேக்ரோக்களையும் விரித்து, கம்பைலர் கண்ணில் படும் கோட் எதுவோ அதை அப்படியே கொட்டிவிடும். பல ஆயிரம் வரிகளுக்குக் கீழே, கடைசியில், எங்கள் கிளாஸ் இருந்தது. எண்ணை அறிவித்த இடத்தில் 'மேஜர்' அப்படியே இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டரில் மட்டும் அது 'ஜிஎன்யூ_டெவ்_மேஜர்' ஆகியிருந்தது.

யூனிக்ஸில் ஒவ்வொரு டிவைஸுக்கும் மேஜர், மைனர் என்று இரண்டு எண்கள் உண்டு. லினக்ஸில் 'நல்' டிவைஸுக்கு 1, 3. முதல் ஸ்கஸி டிஸ்க்குக்கு 8, 0. இவற்றைப் பிரித்தெடுக்க, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி அதே பெயர்களில் மேக்ரோ வைத்திருந்தது. 'சிஸ்/டைப்ஸ்' ஹெடரைச் சேர்த்தாலே அவையும் கூடவே வந்துவிடும். அந்த ஹெடரோ, 'எஸ்டிடிலிப்' மாதிரி எங்கும் புழங்கும் ஹெடர்கள் வழியாகத் தானாகவே உள்ளே வரும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி வந்தால்தான் வேலை செய்யும் வகை மேக்ரோ அது. அதனால் வெறும் 'மேஜர்' தப்பித்தது, 'மேஜர்(1)' மாட்டிக்கொண்டது. எங்கள் ஹெடர் முதலில் வந்தால் அந்த நேரத்தில் மேக்ரோவே பிறந்திருக்காது. பழைய வரிசை பிழைத்தது இந்தத் தற்செயலால்தான். பையன் செய்தது முறையான வேலை, அது உள்ளே கிடந்த பிழையை வெளியே கொண்டுவந்தது.

மேக்ரோவை அன்டெஃப் செய்து நீக்கிவிடலாம் என்றான். நான் ஒப்பவில்லை. லைப்ரரி அடுத்தவர் கைக்குப் போவது, அங்கே யாராவது அந்த மேக்ரோவையே நம்பியிருக்கலாம். எங்கள் பெயர்களை மாற்றினோம். பழைய பெயரைப் பயன்படுத்திய இடங்களையெல்லாம் திருத்த அரை நாள் ஆனது.

இந்தப் பெயர் மோதலில் தவித்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. 2017-இல் வந்த ஜிலிப்சி 2.25 இதற்கு எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கியது. 2018-இல் 2.28 அந்த மேக்ரோக்களை 'சிஸ்/டைப்ஸ்' ஹெடரிலிருந்து எடுத்தேவிட்டது.

அன்று மாலையே அவனிடம், "வரிசையில தப்பில்லைப்பா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொன்னேன். அப்புறம் மற்ற ஃபைல்களின் இன்க்ளூட் வரிகளையும் அவனையே ஒழுங்குபடுத்தச் சொன்னேன். அதில் இன்னும் இரண்டு ஹெடர்கள் உடைந்தன.