ராஜினாமா வாங்காமல் பதினோரு பேரின் கணக்கை முடித்த அனுபவம்

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் கணக்கும் பணியாளர் நிர்வாகமும் என் பொறுப்பில் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில், இரும்பை உருக்கும் கியூபோலா உலையையும், மணலில் அச்சு செய்யும் கை மோல்டிங் பிரிவையும் நிறுத்திவிட்டு, வார்ப்புகளை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வது என்று எங்கள் முதலாளி முடிவு செய்தார். மொத்தம் 38 பேர் வேலை செய்த இடத்தில் 11 பேருக்கு வேலை இல்லாமல் போனது. அவர்களுடைய கணக்கை முடித்துக் கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதே நிலைமையில் இருக்கும் இன்னொரு சிறு நிறுவனத்துக்கோ, அங்கிருந்து அனுப்பப்படும் ஒரு தொழிலாளிக்கோ உதவும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் ஆலோசகர் முதல் நாளே ஒரு வழி சொன்னார். பதினோரு பேரிடமும் "சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன்" என்று ஒரு ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டு, கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டால், அரசுக்கு எதுவும் தெரிவிக்க வேண்டியதில்லை, வழக்கும் வராது என்பது அவருடைய யோசனை. கடிதங்களைத் தட்டச்சு செய்து, பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டு அனுப்பியும் வைத்துவிட்டார். அந்தக் காகிதங்கள் இரண்டு நாள் என் மேசையில் கிடந்தன. அவர்களில் யாரும் வேலையை விட விரும்பவில்லை. வேலைதான் அவர்களை விட்டுப் போகிறது. நடக்காத ஒன்றை நடந்ததாக அவர்கள் கையாலேயே எழுதி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மனசாட்சி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கடிதத்தால் அவர்கள் எதையெல்லாம் இழப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கொண்டுபோனேன். அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் 25எஃப் பிரிவின்படி, ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்யும்போது, காரணத்தைச் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். அரசுக்கும் அறிவிக்க வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. பிற்பாடு அதே நிறுவனத்தில் ஆள் எடுக்கும்போது முன்னுரிமை கேட்கும் உரிமையும் (25எச் பிரிவு) அவருக்கு இல்லை. வேலையிழந்த ஈ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு, அவருடைய சராசரி நாட்கூலியில் பாதியை 90 நாள் வரை ஈ.எஸ்.ஐ. அப்போது தந்துவந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் விண்ணப்பித்தாலும், தானாக விலகினேன் என்று சொல்லும் கடிதம் குறுக்கே வந்து நிற்கும். இதையெல்லாம் படித்த முதலாளி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சட்டப்படியே செஞ்சுருங்க, எவ்வளவு ஆகும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதை நான் மறக்கவில்லை.

எவ்வளவு ஆகும் என்பதில்தான் முதல் குழப்பம் வந்தது. கிராஜுவிட்டி (பணிக்கொடை) கொடுத்தால் இழப்பீடு தனியாகத் தர வேண்டியதில்லை என்று முதலாளி நினைத்திருந்தார். பல நிறுவனங்களில் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வருபவை, இரண்டையும் கொடுத்தாக வேண்டும். கணக்கிடும் முறையும் ஒன்றல்ல. கிராஜுவிட்டிக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கோ 26ஆல் வகுக்கும் முறை பொருந்தாது, மாதச் சம்பளக்காரருக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தில் பாதி என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. கடைசி மூன்று முழு மாதங்களின் சராசரியை எடுத்து நான் அப்படியே கணக்கிட்டேன்.

எங்களுடைய மூத்த மோல்டரின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து 18,200 ரூபாய், மொத்தச் சராசரிச் சம்பளம் 19,600 ரூபாய். பி.எஃப். பதிவின்படி அவர் சேர்ந்தது 2011 ஆகஸ்ட். அதன்படி 12 ஆண்டு என்று கணக்குப் போட்டு, தாளை அவரிடம் காட்டினேன். அவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "அம்மணி, நான் வந்தது பெரிய பொண்ணு பொறந்த வருசமுங்க, 2008" என்றார்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் தேடி ஒரு வாரம் பழைய அறையைக் கிளறினேன். 2011இல்தான் எங்கள் நிறுவனத்தில் ஆள் எண்ணிக்கை 20ஐத் தொட்டது. அதற்கு முன்பு பி.எஃப். பொருந்தாததால் யாருக்கும் எண் இல்லை. ஆனால் பத்துப் பேர் இருந்தாலே கிராஜுவிட்டி சட்டம் பொருந்திவிடும். ஆகவே பி.எஃப். எண் வாங்கிய நாளை வேலையில் சேர்ந்த நாளாக எடுத்துக்கொண்டது என் தவறு. கடைசியில், கரையான் ஓரம் தின்றிருந்த ஒரு சம்பளப் பதிவேட்டில், 2008 நவம்பர் மாதப் பக்கத்தில், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் அவருடைய கையெழுத்து இருந்தது. அன்றைக்கு அவர் பெயரின் கடைசி எழுத்தைச் சற்று நீட்டி எழுதியிருந்தார். இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறார். 14 ஆண்டு 7 மாதம், ஆறு மாதத்துக்கு மேல் என்பதால் 15 ஆண்டு. கிராஜுவிட்டி 1,57,500 ரூபாய், இழப்பீடு 1,47,000 ரூபாய். நான் முதலில் போட்ட கணக்கைவிட 60,900 ரூபாய் கூடுதல். அவர் வாய் திறந்து சொல்லியிராவிட்டால் அந்தத் தொகை அவருக்குப் போயிருக்காது. அதன்பிறகு மற்றப் பத்துப் பேருடைய சேர்ந்த தேதிகளையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். மேலும் இரண்டு பேருக்கு மாறியது.

யாரை அனுப்புவது என்பது வெளியிலிருந்து பார்த்தால் எளிதாகத் தோன்றும்: மோல்டிங் பிரிவு மூடப்படுகிறது, அங்கே இருப்பவர்கள் போகிறார்கள். மோல்டர்களுக்கும், அச்சுக்குள் வைக்கும் மணல் கருவான கோர் செய்பவர்களுக்கும் அது சரி. ஆனால் ஹெல்பர் என்ற வேலை மோல்டிங்கிலும் மெஷின் ஷாப்பிலும் ஒன்றுதான். அவர்கள் இங்கும் அங்கும் மாறி மாறி வேலை செய்தவர்கள். ஒரே வகைத் தொழிலாளர்களில் கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும் என்று 25ஜி பிரிவு சொல்வதால், எல்லா ஹெல்பர்களுக்கும் சேர்த்து ஒரே பணிமூப்புப் பட்டியல் தயாரித்து, நோட்டீஸ் கொடுப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே பலகையில் ஒட்டினேன். அதன்படி மோல்டிங்கில் இருந்த மூத்தவர் இரண்டு பேர் மெஷின் ஷாப்புக்கு வந்தார்கள். மெஷின் ஷாப்பில் இருந்த இளையவர் இரண்டு பேர் வெளியே போக நேர்ந்தது. அவர்களில் ஒரு பையன் நேரே என்னிடம் வந்து, "எங்க செக்‌ஷனை மூடலையே மேடம், நான் எதுக்குப் போகணும்?" என்று கேட்டான். பட்டியலை எடுத்துக் காட்டி விளக்கினேன். அவன் ஏற்றுக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தன் பெயர் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரிந்தது.

அவனுடைய பணிக்காலம் 4 ஆண்டு 9 மாதம். ஐந்து ஆண்டு முடியவில்லை, கிராஜுவிட்டி இல்லை என்று ஆலோசகர் அடித்துச் சொன்னார். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை ஒரு முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருப்பதை நான் முன்பே படித்திருந்தேன். வருகைப் பதிவேட்டை எண்ணிப் பார்த்ததில் 240ஐத் தாண்டியிருந்தது. அவனுக்கும் கிராஜுவிட்டி போட்டேன்.

மே 29 அன்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, தமிழில் எழுதிய நோட்டீஸைக் கையில் கொடுத்தோம். தொழிலாளர் துறைக்கும் அறிவிப்பு அனுப்பினோம். கடைசி நாள் ஜூன் 30, பக்ரீத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. இழப்பீட்டுத் தொகை அன்றைக்கே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் அது ஆட்குறைப்பு செல்லுபடியாவதற்கான முன்நிபந்தனை. அடுத்த வாரம் தருகிறேன் என்று சொன்னால் அந்த ஆட்குறைப்பே சட்டப்படி நிற்காமல் போகலாம். கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம் இருந்தாலும் அதையும் சேர்த்தே கொடுத்தோம்.

நாங்கள் எல்லாருமே மறந்துபோன ஒன்றை நோட்டீஸ் வாங்கிய அன்று ஒரு கோர் தொழிலாளி நினைவூட்டினார்: "தீபாவளிக்கு நாங்க இருக்க மாட்டோமே, போனஸ்?" 2022-23 கணக்காண்டு முழுக்க அவர்கள் உழைத்திருக்கிறார்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் சேர்த்துப் பங்கு உண்டு. வழக்கமாகத் தீபாவளியின்போது கொடுப்பதால், ஊழியர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் தானாகவே விடுபட்டுப் போகிறார்கள். முடிந்த ஆண்டின் போனஸையும், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேர்ந்திருந்த ஈட்டிய விடுப்புக்கான சம்பளத்தையும் கடைசிக் கணக்கில் ஏற்றினேன். நடப்பாண்டின் மூன்று மாதப் போனஸை அடுத்த ஆண்டு தருவதாக எழுத்தில் கொடுத்தோம், 2024இல் கொடுத்தும் விட்டோம்.

பி.எஃப். விஷயத்தில் நேரம் தின்றது பெயர்கள்தான். ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்து பின்னால், பி.எஃப். பதிவில் முன்னால், ஒருவருக்குப் பிறந்த ஆண்டே வேறு. வேலையில் இருக்கும்போதே கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் தொழிலாளியும் நிறுவனமும் கையெழுத்திட்டுத் திருத்திவிட்டால் பிற்பாடு அலைச்சல் இல்லை என்பதால், ஜூன் மாதம் முழுக்க அதைத்தான் செய்தேன். ஜூன் மாதச் சந்தா கட்டியதும் விலகிய தேதியையும் பதிவேற்றினேன். நிறுவனம் அதைச் செய்யாமல் விட்டால் தொழிலாளியின் பணம் தேங்கி நிற்கலாம். பத்தாண்டு முடித்தவர்களுக்கு ஓய்வூதியப் பங்கை எடுக்க முடியாது, 58 வயதில் மாத ஓய்வூதியமாகத்தான் வரும் என்று சொன்னபோது இரண்டு பேர் என்னிடம் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தை அவர்கள் நம்பியிருந்தார்கள்.

இப்போது இதே வேலையைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், நான் சொன்ன பிரிவு எண்கள் மாறிவிட்டன, சம்பளம் என்பதற்கான வரையறையும் மாறியிருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளத்தை, வேறு வேலைக்கான திறனைக் கற்க உதவும் மறுதிறன் நிதிக்காக நிறுவனம் கூடுதலாகச் செலுத்த வேண்டும். ஒரு மாத நோட்டீஸும் ஆண்டுக்கு 15 நாள் இழப்பீடும் அப்படியே இருக்கின்றன.

ஜூன் 30 காலை பதினோரு மணிக்குள் பதினோரு பேருடைய கைப்பேசியிலும் வங்கியின் குறுஞ்செய்தி வந்துவிட்டது. கணக்குத் தாளை வரி வரியாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினேன். மூத்த மோல்டர் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பணிச் சான்றிதழை மட்டும் திருப்பி என் மேசையில் வைத்தார். அதில் பதவி "ஹெல்பர்" என்று இருந்தது, 2011இல் பி.எஃப். பதிவில் ஏற்றியதை அப்படியே எடுத்து அச்சிட்டிருக்கிறேன். "நான் மோல்டருங்க" என்றார். அவர் முன்னாலேயே திருத்தி, வேலை செய்த ஆண்டுகளையும் 2008 நவம்பர் முதல் என்று போட்டு, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

2024 பிப்ரவரியில் மெஷின் ஷாப்புக்கு மூன்று ஆட்கள் தேவைப்பட்டார்கள். வெளியே சொல்வதற்கு முன், பதினோரு பேருக்கும் பதிவுத் தபால் அனுப்பினேன். நான்கு பேர் வந்தார்கள். முதலில் வந்து நின்றது அந்த 4 ஆண்டு 9 மாதப் பையன்.