வளவுக்கு ஏற்ற இலையுதிர் மரங்கள்

வளவில், அதாவது வீட்டைச் சுற்றியுள்ள காணியில், எந்த மரத்தை நடலாம் என்று கேட்கும் உறவினர்களிடம், கிணற்றடியிலிருந்து தள்ளி ஒரு கொன்றையை நடும்படியே நான் சொல்லி வருகிறேன். சுண்ணக்கல்லின் மேல் செம்மண் படிந்த எங்கள் நிலத்தில், ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி நிற்கும் மரம் கோடையில் இலையுதிர்த்து நீரிழப்பைக் குறைத்துக்கொள்வது அதன் சிக்கனம். கொன்றையோ இலை கொட்டிய கொம்புகளில் சித்திரை, வைகாசியில் மஞ்சட் சரங்களைத் தொங்கவிடும். முழ நீளக் கரிய காய்களைக் கூட்டி அள்ளுவதுதான் தொல்லை. இலுப்பை பெருமரம், கோயில் வீதிக்குப் பொருந்துமே தவிர, 2 பரப்பு அளவுள்ள சிறு காணிக்குப் பொருந்தாது. வேலிக்குக் கிளுவங் கதியாலே, அதாவது ஊன்றினால் வேர்விட்டுத் தளிர்க்கும் கிளுவைக் கொம்பே, போதும். சென்ற ஆவணியில், பட்டுப்போய்விட்டதென்று ஐயா பிடுங்கப்போன கதியாலின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை ஈரமாக இருந்தது.